நேர்ஸின் கையில் இருந்த கப்

தம்பி,

வியாழக்கிழமை வருவீர்களா என்று கேட்டு மூன்று மெசேஜ் அனுப்பிவிட்டாய். மூன்றையும் நான் வாசித்தது உன் ஃபோனில் தெரிந்திருக்கும். நீ பத்து நிமிஷம் பதில் போடாவிட்டால் கார் அடிபட்டதோ, காய்ச்சலோ என்று உன் சிநேகிதப் பெடியள் எல்லாருக்கும் கோல் எடுக்கிற தாய், இப்போது மூன்று நாளாக வாய் திறக்காமல் இருக்கிறேன். கோபம் இல்லை, சுகமில்லாமலும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. நேரில் தொடங்கினால் உன் முகத்தைப் பார்த்தவுடன் பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்றும் தெரியும். மெதுவாகவே வாசி. இது வேகமாக வாசித்து முடிக்கிற கடிதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, ஊத்தை உடுப்புப் பையை வாசலில் போட்டுவிட்டு, நின்றபடியே மீன் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

“அம்மா, வாற வியாழன் வேலை இல்லைத்தானே?”

“ஏன், என்ன விஷயம்?”

“எங்கட ப்ரோகிராமில ஒரு வகுப்பு இருக்கு. டொக்டருக்குப் படிக்கிற ஆக்கள், ஃபார்மசி, ஃபிசியோ, நேர்சிங் எண்டு எல்லாரும் ஒரே மேசையில இருந்து படிக்கிறது. ஒரு குடும்பம் வந்து தங்கட ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லும். அவையைப் பாத்த ரீம் எந்த இடத்தில பிழை விட்டது, ஆர் ஆரோட கதைச்சிருக்க வேணும் எண்டு நாங்கள் கண்டுபிடிக்க வேணும். நான் உங்கட பேரைக் குடுத்திட்டன்.”

“நான் போய் என்னத்தைச் சொல்றது?”

“அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. அந்த நேர்ஸ் செய்ததைச் சொல்லுங்கோ. வேற என்ன?”

நான் மீனுக்கு உப்புக் காணுமோ என்று கேட்டேன். நீ சிரித்தாய். “கதையை மாத்தாதைங்கோ” என்றாய். அம்மா கூச்சப்படுகிறா, இங்கிலிசில் பேசப் பயப்படுகிறா என்று நினைத்திருப்பாய். போகும்போது கதவடியில் என் தோளைப் பிடித்து, “நீங்கள் சொன்னால் கேட்கிற நாற்பது பேரில ஒருத்தராவது அந்த மாதிரி நேர்ஸா வராமல் இருப்பார்” என்றாய். உன் கார் ஸ்டீல்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தது அந்த நேர்ஸ் ஜொசி இல்லை. நான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு வருஷம் போயிருக்கிறது. இதற்குப் பிறகு நீ வாசிக்காமல் கடிதத்தை மூடி வைத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்பதை முழுதாகச் சொல்லாவிட்டால், இதுவும் இன்னொரு பாதி உண்மையாகிவிடும். அதனால் சொல்லுகிறேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. நீ பன்னிரண்டாம் வகுப்பு. பேக்கரி வான் வண்டியில் இருந்து பாண் இறக்கிக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்தார். வானில் அவருடைய சுடுதண்ணிப் போத்தல் எப்போதும் இருக்கும். பால் விடாத பிளேன்ரீ இல்லாமல் அவர் ஒரு சந்தி தாண்டமாட்டார் என்று நீயே பகிடி பண்ணுவாய். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இடப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சுக் குழறினாலும் விளங்கும். ஆனால் விழுங்குவது பழுதாகிவிட்டது. பேச்சையும் விழுங்கலையும் பார்க்கிற தெரப்பிஸ்ட், ஹன்னா, எக்ஸ்ரேயில் வைத்து அவரை விழுங்கச் சொல்லிப் பார்த்தா. தண்ணி மாதிரி எது குடித்தாலும் அது பாதை மாறி நுரையீரலுக்குள் போகிறது, இருமல்கூட வரவில்லை, இருமல் வராததுதான் பயம் என்று என்னிடம் விளக்கினா. குடிக்கிற எல்லாவற்றிலும் பவுடர் கலந்து தேன் பதத்துக்குத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டில் தலைமாட்டில் மஞ்சள் மட்டை ஒன்று ஒட்டினா. எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. நான் பி.எஸ்.டபிள்யூ. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. இதையெல்லாம் கொலிஜில் படித்துச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவள். அந்த மஞ்சள் மட்டையை என் வேலையிடத்தில் எத்தனை கட்டிலுக்கு மேலே பார்த்திருப்பேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் தொடக்கத்தில் என் பகுதியில் மிஸிஸ் வொங் என்று ஒரு மனுசி இருந்தா. அவவுக்கும் இதே மட்டை. அவவின் மகள் ஒரு நாள் போத்தலில் சூப் கொண்டுவந்து ஒளித்துத் தீத்துவதைக் கண்டேன். நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கதைக்காமல் நேரே நேர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அங்கே எல்லாரும் கூடினார்கள். தெரப்பிஸ்ட், உணவு பார்க்கிறவ, நேர்ஸ், மகள். சண்டை வரும் என்று நினைத்தேன். ஒருவரும் ஏசவில்லை. அதே சூப்பை எப்படித் தடிப்பாக்குவது, எத்தனை கரண்டி, நாடியை நெஞ்சுப் பக்கம் எப்படித் தாழ்த்திப் பிடிப்பது என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை அழுதது. மிஸிஸ் வொங் அதற்குப் பிறகும் தன் வீட்டுச் சூப்பைத்தான் குடித்தா. ஆக, சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி. அடிப்பார்கள், துரத்துவார்கள் என்று தெரியாமல் பயந்தவள் இல்லை நான். தெரிந்தும்தான் சொல்லாமல் விட்டேன்.

முதல் கிழமை அப்பா அந்தத் தடித்த தேத்தண்ணியைக் குடிக்க முயன்றார். கரண்டியை அதற்குள் குத்தினால் நிற்கும் போல இருக்கும். “இஞ்சேரும், உது குடிக்கிறதோ, சுவருக்குப் பூசுறதோ?” என்று கேட்டார். ஹன்னாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவவும் சிரித்தா. இரண்டாம் கிழமை பகிடி நின்றுவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம், நான் வேலை முடிந்து போயிருந்தேன், அவர் அழுதார். உன் அப்பா அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. கலியாணம் கட்டி நான் பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு, சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தப் பதினெட்டாம் மாடி வீட்டுக்கு வந்து, ஊரை நினைத்து அழுதபோதெல்லாம், குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தவர் அவர். “ஒரு மிடறு. ஒரே ஒரு மிடறு தாரும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றார்.

மறுநாள் கொண்டுபோனேன். திரையை இழுத்து மூடினேன். கட்டிலை நிமிர்த்தி, நாடியைத் தாழ்த்தச் சொல்லி, சின்னப் பிளாஸ்ரிக் கப்பில் ஊற்றி, ஒரு கரண்டி கொடுத்தேன். படித்த எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். பவுடர் ஒன்றைத் தவிர. ஒருவருக்குச் சொல்வதைத் தவிர. இருமல் வரவில்லை. பார்த்தீரே, எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். இருமல் வராததுதான் பயம் என்று படித்த நான், இருமல் வரவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆறு பின்னேரங்கள் கொடுத்தேன். ஒரு கரண்டி அரைக் கப் ஆனது. உனக்கு இதையும் மறைக்கக் கூடாது: அந்த ஆறும் எங்களுடைய நல்ல பின்னேரங்கள். தேத்தண்ணி குடித்தபின் அவருக்குப் பேச்சு இலகுவாக வருவதுபோல இருக்கும். உன்னுடைய யூனிவர்சிற்றி அப்ளிகேஷனைப் பற்றிக் கேட்பார். வானை யார் ஓடுகிறார்கள், கிளச்சைப் போட்டு உடைத்துவிடுவார்களே என்று கவலைப்படுவார். நான் நேர்ஸுமில்லை, பி.எஸ்.டபிள்யூவும் இல்லை, அவருடைய மனுசியாக மட்டும் இருந்தேன்.

ஐந்தாம் நாள் ஜொசி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தா. ஜொசியை உனக்கு ஒரு பெயராகத்தான் தெரியும். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, என்னைப்போல பி.எஸ்.டபிள்யூவாகத் தொடங்கி, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகுதி நேரமாகப் படித்து நேர்ஸானவ. முதல் நாளே நான் என்ன வேலை என்று கேட்டறிந்து, “அப்படியென்றால் நீ எங்கள் ஆள்” என்றவ. அன்றைக்கு மேசையில் கப் இருந்தது. அடியில் கொஞ்சம் தேத்தண்ணி. ஜொசி அதை எடுத்துப் பார்த்தா. இது யாருடையது என்று கேட்டா. என்னுடையது, நான் குடித்தது என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பொய் தானாக வந்தது. அவ அப்பாவைப் பார்த்தா. அவருடைய மீசையில் ஒரு துளி நின்றது. ஜொசி ஒரு கையில் கப்போடு, மற்றக் கையால் ரிஷூ பேப்பர் எடுத்து அந்தத் துளியைத் துடைத்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: “நீயும் இந்த வேலை செய்கிறவள். உன்னிடம் நான் இரண்டாம் தரம் கேட்கப் போவதில்லை.”

அந்த நேரம்தான் நீ புத்தகப் பையோடு உள்ளே வந்தாய். நீ கண்டது அதைத்தான். நேர்ஸின் கையில் கப், மற்றக் கை அப்பாவின் வாயடியில். நீ பொய் சொல்லவில்லை, தம்பி. கண்டதைத்தான் சொன்னாய். அதற்கு முன் நடந்த ஒரு நிமிஷத்தை நான் உனக்குச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. அடுத்த நாள் காலமை எங்களையும் கூப்பிட்டு அந்தக் கூட்டம் வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். நீட்டு மேசை. டொக்டர், ஜொசி, மருந்துப் பட்டியலோடு ஃபார்மசிஸ்ட், ஃபிசியோ, ஹன்னா, சமூகசேவை பார்க்கிற பெண். இப்போது நீ படிக்கிற வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன், எல்லாரும் ஒரே மேசையில். காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை, சிறுநீரில் தொற்றோ, நுரையீரலோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டொக்டர், ஹன்னா எழுதிய பதத்தைவிட வேறு ஏதாவது அவர் குடிக்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டார். ஹன்னா என்னைப் பார்த்தா. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், திறந்தேன். அதற்குள் நீ இங்கிலிசில் சொன்னாய்: “எங்கட அம்மா பி.எஸ்.டபிள்யூ. அவவுக்கு இதெல்லாம் தெரியும். அவ அப்படிச் செய்ய விடமாட்டா.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். நான் சீருடையோடு ஸ்கூலுக்கு உன்னை ஏற்ற வந்தால் இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லுகிற பிள்ளை நீ. அத்தனை படித்த ஆட்களுக்கு முன்னால் முதல் தரம் என் வேலையைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபார்மசிஸ்ட் தலையாட்டினார். ஜொசி ஒருத்திதான் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த பேப்பரைப் பார்த்தா. நான் ஒரு கப் கண்டேன் என்று அவ சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளைக்கு முன்னால் தாயைப் பொய்காரி ஆக்கவேண்டும். அவவும் ஒரு தாய். பேசாமல் இருந்துவிட்டா. நானும் வாயை மூடிக்கொண்டேன். இதை வாசித்து உன் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளாதே, அதற்காக எழுதவில்லை. நீ சொல்லி முடித்தபின், இல்லை மகன், நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு முழுதாக அரை மணித்தியாலம் இருந்தது. உன் பெருமை போய்விடும் என்று பயந்தேன். என் வேலை போய்விடும் என்றும் பயந்தேன். இரண்டையும் அப்பாவின் காய்ச்சலுக்கு மேலே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் சிறுநீருக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டபின்தான் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. அந்தத் தேத்தண்ணிதான் காரணம் என்று எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை. இப்படி விழுங்கல் பழுதானவர்களுக்குத் தங்கள் எச்சிலேகூட உள்ளே போய் நியூமோனியா வரலாம், எல்லாம் சரியாகச் செய்தாலும் வரலாம். எனக்குத் தெரியும். நாலு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாள் என்னுடையது. நான் சொல்லியிருந்தால் முதல் நாளே நுரையீரலைப் பார்த்திருப்பார்கள். பிழைத்திருப்பாரோ தெரியாது. தெரியாமலே போனதும் என்னால்தான்.

இனிச் செய்ய ஒன்றும் இல்லை, நோகாமல் வைத்திருப்போம் என்று சொன்ன அன்றைக்கு ஹன்னா வந்தா. நீ பார்க்கிங்கில் காரை மாற்றப் போயிருந்தாய். மஞ்சள் மட்டையைக் கழற்றிக்கொண்டே, இனி அவருக்கு விருப்பமானதைக் கொடுக்கலாம், என்ன விருப்பம் என்று கேட்டா. தேத்தண்ணி என்றேன். பால் விடாத தேத்தண்ணி. அவ கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. “அவ்வளவு விருப்பமா? இதை நான் அவரிடம் கேட்கவே இல்லையே” என்றா. தெரிந்திருந்தால் எல்லாருமாக ஒரு வழி பார்த்திருக்கலாம், வாயை நன்றாகச் சுத்தப்படுத்தி, பக்கத்தில் ஒருவர் இருந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பார்த்திருக்கலாம், சிலருக்குச் சரிவரும், சிலருக்கு வராது, ஆனால் பார்த்திருக்கலாம் என்றா. தன்னையே குறை சொல்லுகிற குரலில் சொன்னா. என் பிழையை அவ தன் தலையில் ஏற்றுகிறா, நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பின்னேரம் ஜொசிதான் பஞ்சுக் குச்சியைத் தேத்தண்ணியில் தோய்த்து அப்பாவின் உதட்டில் வைத்தா. என்னைச் செய்யச் சொன்னா, எனக்குக் கை ஓடவில்லை. உதடு கொஞ்சம் அசைந்தது. விழுங்கவில்லை. ஜொசி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றா. கப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. விடியப்புறம் அப்பா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை நீ லாப்டொப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதியிருந்தாய். பதினெட்டு வயதில் அப்படி ஓர் இங்கிலிஸ். விழுங்க முடியாத ஒரு நோயாளிக்கு நேர்ஸ் தண்ணிப் பதத்தில் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன் என்று. “சைன் பண்ணுங்கோ அம்மா. அப்பாவுக்காக” என்றாய். சாவீட்டில்கூட அழாத பிள்ளை, அதைச் சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாய். இந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவன் எழும்பி நிற்கிறான், இதையும் பறித்தால் விழுந்துவிடுவான் என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய். என்னைக் காப்பாற்றத்தான் சைன் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியின் பதில் உனக்கு மனப்பாடமாக இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கப் இருந்ததைத் தாதி கண்டிருக்கிறார், அது தன்னுடையது என்று குடும்பத்தவர் சொன்னதாகக் கூறுகிறார், ஆனால் அதை அவர் பதியவில்லை, பதிந்திருக்க வேண்டும், இப்போது அவர் அந்தப் பிரிவில் வேலை செய்வதில்லை என்று. “பாத்தீங்களா அம்மா, பழியை உங்களில போடப் பாத்திருக்கிறா” என்றாய். ஜொசி எழுதாமல் விட்டது என்னை நம்பி. என் பெயர் ஃபைலில் வரக்கூடாது என்று. அதற்கான தண்டனையை நான் சைன் பண்ணி வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் அவவைக் கண்டேன். அரிசி மூட்டை ஒன்றைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றா. என்னைக் கண்டவுடன் முகம் மலர்ந்து கை காட்டினா. நான் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியில் ஓடிவந்து காருக்குள் இருந்தேன். எங்கே வேலை செய்கிறா, வேலை செய்கிறாவோ என்றுகூட எனக்குத் தெரியாது.

நீ நேர்சிங் எடுத்தபோது ஊரெல்லாம் என்னைக் கேட்டது, ஏன் இன்ஜினியரிங் கிடைக்கவில்லையோ என்று. “அந்த மனுசி மாதிரி இல்லாத ஒரு நேர்ஸா வரவேணும்” என்று நீ எல்லாருக்கும் சொன்னாய். நல்ல நேர்ஸாகத்தான் வருவாய், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அடித்தளத்தில் ஒரு பொய் கிடக்கிறது, அதை வைத்தவள் நான்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நாலு வருஷமாக அந்த மேசையைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். அங்கே இருந்தவர்களில் ஒருவரும் மோசமானவர் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள். ஜொசி மரியாதைக்காகப் பேசாமல் இருந்தா. டொக்டர் நேரம் இல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். ஹன்னாவுக்குத் தொண்டை தெரிந்தது, அந்தத் தொண்டை எதற்கு ஏங்கியது என்று தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது, நான் சொல்லவில்லை. நீ நாளைக்கு அப்படி ஒரு மேசையில் இருந்து ஒரு குடும்பத்திடம் கேட்கும்போது, எல்லாருக்கும் முன்னால் “வேறு ஏதாவது கொடுத்தீர்களா” என்று கேட்டு, இல்லை என்றவுடன் விட்டுவிடாதே. பிறகு தனியாகப் போ. கதிரையை இழுத்துப் போட்டு இரு. இந்த நிலைமையில் எல்லாருக்கும் கொடுக்க மனம் வரும், உங்களுக்கும் வந்திருக்கும், என்ன கொடுத்தீர்கள் என்று கேள். அப்படி ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். இன்னொன்று, ஒருத்தி இந்த வேலை தெரிந்தவள் என்பதற்காக அவளை இரண்டாம் தரம் கேட்காமல் விடாதே. வேலை தெரிந்தவளுக்குத்தான் ஒளிக்கவும் தெரியும். குளிப்பாட்டுகிறவளையும் அந்த மேசைக்குக் கூப்பிடு. மீசையில் நின்ற துளியை ஒரு டொக்டரும் காணமாட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் முறைப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கப்பில் இருந்தது நான் கொடுத்த தேத்தண்ணி, நேர்ஸ் கேட்டபோது பொய் சொன்னது நான், முறைப்பாட்டில் இருப்பது பிழை என்று என் இங்கிலிசில் எழுதினேன். பிழைகள் இருக்கும். உன்னிடம் திருத்தத் தரவில்லை. என் வேலையிடத்து மேலாளருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். என்ன செய்வார்களோ தெரியாது. இது ஜொசியிடம் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவ மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் அதுவும் எனக்காகக் கேட்டதாகிவிடும்.

உன்னையும் அதைக் கேட்கமாட்டேன். நீ கத்தலாம். ஒரு மாதம் வீட்டுக்கு வராமல் இருக்கலாம், ஒரு வருஷம் வராமல் இருக்கலாம். உன் அப்பாவை உன்னிடமிருந்து எடுத்தேனோ இல்லையோ எனக்குத் தெரியாது. அவருக்காக நீ அழவேண்டிய காலத்தைக் கோபமாக்கி வீணாக்கியது நான் என்று தெரியும். அந்த நாலு வருஷத்தை உனக்குத் திருப்பித் தர என்னிடம் வழி இல்லை. விரும்பினால் இந்தக் கடிதத்தை உன் மேசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை. இருந்த வெட்கத்தை எல்லாம் அன்றைக்கே செலவழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை வருகிறேன். நீ பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கச் சொன்னாலும், நாற்பது பேரில் நீ ஒருவன் இல்லாமல் போனாலும், வேறு ஒரு நாள் என்றாலும், அந்த அறையில் வந்து இதைத்தான் சொல்லுவேன். இங்கிலிசில், எழுதிக்கொண்டு வந்து, பார்த்து வாசிப்பேன். தொடக்கத்தில் என் பெயரைச் சொல்லுவேன், என் வேலையைச் சொல்லுவேன், இறந்தவர் என் கணவர் என்று சொல்லுவேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லமாட்டேன். முடிந்தபிறகு, யார் இந்தப் பொம்பிளை என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளை உன்னிடம் கேட்டால், என்ன சொல்வது என்பதை நீயே முடிவெடு.

அம்மா